கோடைச் சட்டைக்குக் கழுத்து வந்த கதை

எங்கள் பக்கத்தில் கோடை ஜூன் முதல் தேதி தொடங்குகிறது. அன்று காலையில்தான் வங்கிக்காரர், போலீஸ்காரர், பள்ளிப் பிள்ளை எல்லாரும் கனத்த உடையைப் பெட்டியில் வைத்துவிட்டு மெல்லிய உடைக்கு மாறுவார்கள். வெயில் மே மாதமே வந்து வாசலில் நின்றால் அது வெயிலின் அவசரம். அதற்காகக் காலண்டரைத் திருத்த முடியுமா?

தஜிமி ஊர் வெயிலுக்கு இந்த மரியாதையெல்லாம் சுத்தமாகக் கிடையாது. சுற்றிலும் மலை, நடுவில் ஊர், போதாததற்குத் தெருவுக்குத் தெரு பீங்கான் சூளை. அந்த ஊர் டைல்ஸ் தொழிற்சாலை ஒன்றில் கியோகாவுக்கு வேலை. சூளையிலிருந்து சூடாக வருகிற டைல்ஸில் கீறல் பார்த்து அடுக்க வேண்டும். போன ஆகஸ்டில் அடுக்கிக்கொண்டிருந்தவள் டைல்ஸ் மேலேயே சரிந்தாள். அவள் தெளிந்து எழுந்ததும் மருத்துவர் சொன்னார்: "இந்தத் தடவை பொழைச்சிட்டீங்க. இன்னொரு தடவை இப்படி உடம்பு சூடேறி விழுந்தா, நான் எந்த உத்தரவாதமும் தர மாட்டேன்."

அவளுடைய அக்கா தோமோயோ, சலவைக் கடையில் அழுக்குத் துணி வாங்கி ரசீது கொடுக்கிறவள். கை சும்மா இருந்தால் பின்னல் ஊசி ஏறிவிடும். வேலையை விடச் சொல்லித் தங்கையிடம் கெஞ்சிப் பார்த்தாள்.

"விட்டுட்டு? உன் கடையில நாம ரெண்டு பேரும் ஒரே நாற்காலியில உட்காரலாமா?" என்றாள் கியோகா.

சரி, வேலையைத்தான் மாற்ற முடியாது, சட்டையையாவது மாற்றுவோம் என்று தோமோயோ லினன் நூல் வாங்கினாள். கை இல்லாத, கழுத்து அகன்ற ஒரு மேல்சட்டை. முதுகிலும் நெஞ்சிலும் வரிசை வரிசையாகச் சின்னச் சின்ன ஓட்டை விட்டுப் பின்னினாள். வியர்வை ஒட்டாது, காற்று உள்ளே வந்து வெளியே போகும். செப்டம்பர் வெயிலில் கியோகா அதைப் போட்டுக்கொண்டு சூளை வாயில் ஒரு வாரம் நின்றாள்.

"அக்கா, முதுகுப் பக்கம் யாரோ நின்னு விசிறுற மாதிரியே இருக்கு. திரும்பித் திரும்பிப் பார்த்தேன்."

அந்த ஒரு வாரம்தான் இந்தக் கதையில் நல்ல வாரம். அதற்குப் பிறகு தொழிற்சாலை மேலாளர் குனோ அதைப் பார்த்துவிட்டார். குனோ கெட்ட மனிதர் இல்லை. விதி என்று ஒன்றைப் பார்த்தால் அவருக்குக் கை தன்னால் கூப்பிக்கொள்ளும், அவ்வளவுதான். முன்பு எப்போதோ ஒரு பெண் பல்லைக் காட்டுகிற பூனைப் படம் போட்ட சட்டையோடு வந்து, அன்றைக்கென்று பெரிய வாடிக்கையாளர் வந்து, அந்தப் பூனை அவரைப் பார்த்துவிட்டது. அதிலிருந்து, வீட்டில் பின்னிய ஆடை எதுவானாலும் சங்கத்தின் முத்திரைத் துணி தைத்திருக்க வேண்டும் என்று விதி.

"நல்ல சட்டைதான், கியோகா. எனக்கே பொறாமையா இருக்கு. ஆனா முத்திரை இல்லியே. முத்திரை இல்லாத குளுமைக்கு நான் எப்படிம்மா பொறுப்பேத்துக்கறது?"

சங்கம் என்பது அகில தேசக் கோடைப் பின்னலாடைப் பரிசீலனைச் சங்கம். நகோயாவில் ஒரு கட்டடத்தின் ஐந்தாம் மாடி. அக்டோபரில் தோமோயோ பின்னல் வரைபடத்தையும் மாதிரிச் சட்டையையும் எடுத்துக்கொண்டு, அந்தப் பருவத்துக் கஷ்கொட்டை இனிப்பு ஒரு பெட்டியும் வாங்கிக்கொண்டு போனாள். கதவு திறந்ததும் உள்ளிருந்து அடித்த குளிரில் பல் கிட்டியது. செயலாளர் நுகுயி குளிர்கோட்டு போட்டு, கழுத்தைச் சுற்றி மஃப்ளர் கட்டிக்கொண்டு வரவேற்றார். பரிசீலனை அறையில் உறுப்பினர்கள் எல்லாரும் மடியில் போர்வை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலே ஏ.சி. ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

"பயப்படாதீங்கம்மா," என்றார் நுகுயி. "நாங்க எதையும் நிராகரிக்கறதே இல்லை. சங்கம் ஆரம்பிச்ச நாளா ஒரு வரைபடத்தைக்கூட வேணாம்னு சொன்னதில்லை. வளர்த்துதான் விடறோம்."

தோமோயோவுக்கு அது நல்ல வார்த்தையாகத்தான் பட்டது. இனிப்பை வாங்கிக்கொண்டார்கள், தேநீர் கொடுத்தார்கள், குனிந்தார்கள், லிஃப்டு கதவு மூடும்வரை குனிந்துகொண்டே இருந்தார்கள். இவ்வளவு மரியாதைக்காரர்கள் கெடுதல் செய்வார்களா என்று ரயிலில் நினைத்துக்கொண்டாள்.

வரைபடம் ஒரு மாதத்தில் திரும்பி வந்தது. பின்னலில் ஒரு குறையும் சொல்லவில்லை. குறை முத்திரையில். வரைபடத்தின் அடியில் கையெழுத்துக்குப் பதிலாகக் குத்துகிற தன் பெயர் முத்திரையை அவள் நட்ட குச்சி மாதிரி நேராகக் குத்தியிருந்தாள். கீழ்நிலையில் இருப்பவர் முத்திரையைச் சற்று இடப்பக்கம் சாய்த்துக் குத்த வேண்டும். அப்போதுதான் அது தலைவரின் முத்திரையைப் பார்த்துக் குனிந்து வணங்குவதுபோல் தெரியும். அலுவலக வேலை பார்த்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்திருக்கும். சலவைக் கடை ரசீதில் யாரும் யாரையும் வணங்குவதில்லை.

அவள் மறுபடி போய், சாய்த்துக் குத்தினாள். நுகுயி தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"கொஞ்சம் அதிகமா குனிஞ்சிடுச்சுங்க. இவ்ளோ குனிஞ்சா ஏதோ தப்பு பண்ணிட்டு மன்னிப்பு கேக்கற மாதிரி இருக்கு. என்ன தப்புன்னு விசாரிக்க வேண்டியதாயிடும்."

இன்னொரு தாளில் அளவாகக் குனிய வைத்தாள். குளிர்காலம் வந்துவிட்டது.

ஜனவரியில் பண்புப் பிரிவுத் தலைவி ஷிராதோரி அம்மா அவளை உட்கார வைத்து, வரைபடத்தை மேசைமேல் விரித்தாள். கண்ணியத்தின் மொத்தக் குத்தகையும் அவளிடம் இருந்தது. பின்னல் வரைபடத்தில் ஓட்டை வரும் இடத்தில் சின்ன வட்டம் போடுவது வழக்கம். ஷிராதோரி அம்மா பென்சில் முனையால் ஒவ்வொரு வட்டத்தையும் தொட்டுக்கொண்டே போனாள்.

"இதெல்லாம் என்னங்க?"

"ஓட்டைங்க. காத்து வர்றதுக்கு."

"காத்து வரும், சரி. காத்து வர்ற வழியா பார்வையும் வருமே? ஓட்டைக்குத் தெரியுமா எதை உள்ள விடணும், எதை விடக்கூடாதுன்னு?"

"உள்ள ஒரு பனியன் போட்டுப்பாங்கம்மா. மேல ஏப்ரன் வேற இருக்கு."

"அப்போ ஓட்டையை யாருமே பார்க்கப் போறதில்லை. யாரும் பார்க்காத ஓட்டை எதுக்கு?" என்றாள் ஷிராதோரி அம்மா, சிரித்த முகமாக. "நான் வேணாங்கலை. ஒவ்வொரு ஓட்டைக்கும் அது ஏன் அங்க இருக்குன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. காரணம் இருக்கற ஓட்டையை நாங்க தாராளமா மதிப்போம்."

தோமோயோ சலவைக் கடை மேசையில் உட்கார்ந்து எழுதினாள். காற்று வர. காற்று வர. காற்று வர. அது திரும்பி வந்தது. ஒரே காரணத்தைத் திருப்பித் திருப்பி எழுதுவது மனப்பூர்வமாக யோசிக்காததைக் காட்டுகிறது என்று ஒரு குறிப்பு. அதனால் அவள் வேறு வேறாக எழுதினாள். இது காற்று வர. இது வந்த காற்று போக. இது போக மறந்த காற்றுக்காக. இது பக்கத்து ஓட்டைக்குத் துணையாக. எழுதி எழுதி ஒரு கட்டத்தில் அவளுக்கே ஓட்டைகள்மேல் சந்தேகம் வந்துவிட்டது.

துணை ஓட்டைகள் எல்லாவற்றையும் ஷிராதோரி அம்மா அடைத்தாள். போக மறந்த காற்று, ஒழுக்கமில்லாத காற்று என்று அதற்கான ஓட்டையையும் அடைத்தாள். இடுப்பு ஓரத்தில் ஒரு வரிசை மட்டும் மிஞ்சியது.

அடுத்து ஆடையை உடுத்திப் பார்க்கும் சோதனை. தலைவர் தொதோரோகி தாமே வந்திருந்தார். வெள்ளை முடி, கையில் கம்பளி உறை. உறுப்பினர்களில் ஒருத்தி கோட்டைக் கழற்றிவிட்டு, தோமோயோ பின்னிய கையில்லாத சட்டையைப் போட்டுக்கொண்டு ஏ.சி.க்கு நேர் கீழே நின்றாள். பாவம், நின்ற மாத்திரத்தில் உதடு நீலமாகிவிட்டது.

"எப்படி இருக்கு?" என்றார் தலைவர்.

"கு... குளிருதுங்க."

தலைவர் கனத்த மனதோடு தோமோயோ பக்கம் திரும்பினார். "கேட்டீங்களாம்மா. கோடைக்காலத்துல பெண்களுக்கு முதல் எதிரி குளிர். வயிறு குளிர்ந்தா உடம்பே போச்சு. ஒரு கோடை ஆடை, போட்டவளை நடுங்க வைக்கலாமா? இதுக்கு நாம கை வைக்கணும்."

தோமோயோ அதுவரை எதிர்த்துப் பேசியதில்லை. அன்றைக்கு அவளுக்குச் சூளை வாயும் தங்கையின் முகமும் நினைவுக்கு வந்தன.

"ஐயா, தப்பா எடுத்துக்காதீங்க. இந்த ஏ.சி.யைக் கொஞ்சம் நிறுத்திட்டுப் பார்க்கலாமா?"

போர்வைகள் அசையவில்லை. நுகுயி எழுந்து வந்து, அவளை மெதுவாகச் சுவர் ஓரம் அழைத்துப் போனார். அங்கே சங்கத்தை நிறுவிய முன்னாள் தலைவரின் படம் மாட்டியிருந்தது. படத்துக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி. பெட்டிக்குள் பட்டுத்துணிமேல் ஏ.சி.யின் ரிமோட்.

"அவர் காலமாகறதுக்கு முன்னாடி, கடைசிக் கூட்டத்துல, அவர் கையால வெச்ச அளவு இது," என்றார் தணிந்த குரலில். "அன்னிக்கு அவருக்குக் காய்ச்சல். உடம்பு கொதிச்சுது. அதனால ரொம்பக் கம்மியா வெச்சிட்டுப் போயிட்டார். இதை மாத்தணும்னா அவர் வெச்சது தப்புன்னு ஆகும். யார் சொல்றது அதை? நான் சொல்லவா, நீங்க சொல்றீங்களா?"

"அவர் இருந்திருந்தா அவரே மாத்தியிருப்பாரில்லையா?"

"இருந்திருந்தா நாங்க கேட்டிருப்போம். இல்லாதவர்கிட்ட எப்படிக் கேக்கறது?"

இதற்குமேல் என்ன பேசுவது? பாறையில் முட்டிக்கொண்டால் நம் மண்டைதான் உடையும். தோமோயோ படத்துக்கும் ஒரு வணக்கம் போட்டுவிட்டு வந்தாள்.

அதற்குப் பிறகு கட்டெறும்பு வளர்ந்து கழுதையான கதைதான். தோள் குளிர்கிறது என்று முழங்கைவரை கை வந்தது. முழங்கைக்குக் கீழே இன்னும் குளிர்கிறது என்று அது மணிக்கட்டுவரை போனது. கழுத்து குளிர்கிறது என்று தாடையைத் தொடுகிற உயரக் கழுத்து வந்தது. வயிற்றுக்குச் சேர்த்தே பின்னிய பட்டை ஒன்று, இரண்டு மடிப்பாக; மிஞ்சியிருந்த ஓட்டை வரிசையும் அதற்குள் போனது. லினன் நூல் தொட்டால் சில்லென்கிறது என்று அதையும் எடுத்துவிட்டுக் கம்பளி நூல். ஒவ்வொரு மாற்றத்துக்கும் அவள் புது மாதிரி பின்னிக் கொண்டுபோனாள். ஒவ்வொரு தடவையும் அவர்கள், "இவ்ளோ சிரமப்பட்டீங்களே" என்று மனமுருகிக் குனிந்தார்கள்.

கியோகா ஒவ்வொன்றையும் போட்டுப் பார்த்தாள்.

"போன மாசம் கை வந்துச்சு, இந்த மாசம் கழுத்து வந்துச்சு. இன்னும் ஒரு தடவை போயிட்டு வாக்கா, கையுறையும் குல்லாவும் வந்துடும். நான் வடக்க போய் நண்டு பிடிக்கற கப்பல்ல சேர்ந்துக்கறேன்."

"சிரிக்காதடி."

"வேற என்ன பண்ணச் சொல்றே? வரைபடத்தைத் திரும்ப வாங்கிடேன்."

"கேட்டேன். திரும்ப வாங்கற மனுவைப் பரிசீலிக்கறதுக்குத் தனிக் குழுவாம். வரைபடம் ஒப்புதலான பிறகுதான் அந்தக் குழு கூடுமாம்."

கியோகா சிரித்தாள். தோமோயோ சிரிக்கவில்லை. அவளுக்குள் ஒரு திட்டம் ஓடிக்கொண்டிருந்தது. குனோவுக்கு வேண்டியது சட்டையா? முத்திரைத் துணிதானே. எந்தக் கழுதையைப் பின்னிக் கொடுத்தாவது அந்தத் துணியை வாங்கிவிட்டால் போதும். பிரித்தெடுத்து, அலமாரியில் இருக்கிற பழைய லினன் சட்டையில் தைத்துவிடலாம். ஏப்ரனுக்குள் எது இருக்கிறதென்று யார் பார்க்கப்போகிறார்கள்? கழுத்தோரம் முத்திரை தெரிந்தால் சரி. தங்கையிடம் இதைச் சொன்னபோது கியோகா அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். இந்தக் கோடையைத் தாண்டிவிடலாம் என்று இருவருக்குமே தோன்றியது.

மே மாதம் ஒப்புதல் வந்தது. ஒப்புதல் மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. ஆண்டின் சிறந்த கோடை ஆடை என்று விருதும் சேர்ந்து வந்தது.

விழாவும் அந்த ஐந்தாம் மாடியில்தான். வெளியே தெருவில் தார் இளகிக்கொண்டிருந்தது. உள்ளே பேசுகிறவர்கள் வாயிலிருந்து புகை வந்தது. வடிவமைத்தவரே ஆடையை அணிந்து மேடையேற வேண்டும் என்பது வழக்கம். தலைவர் தொதோரோகி கையுறையோடு மைக்கைப் பிடித்தார்.

"எத்தனையோ கோடை ஆடைகளை இந்த அறையில பரிசீலிச்சிருக்கோம். எல்லாமே வெயிலை மனசுல வெச்சுப் பண்ணினது. வெயில் யாரோட தயவும் இல்லாம வரும், போகும். அதுக்காக ஆடை செய்யறது சுலபம். இந்த அம்மா கோடையை நம்ம சங்கத்தோட கண்ணால பார்த்திருக்காங்க. முதல்ல கொண்டுவந்தப்போ இதுல கை இல்லை, கழுத்து இல்லை, அடக்கம் இல்லை. இன்னிக்குப் பாருங்க. முதல்ல இருந்ததுல எதுவுமே இல்லை. இதைவிட வளர்ச்சி வேற என்ன வேணும்?"

கைதட்டினார்கள். கையுறை போட்ட கைகள், சத்தம் பொத்பொத்தென்று வந்தது.

தோமோயோவை இரண்டு வார்த்தை பேசச் சொன்னார்கள். சூளையைப் பற்றிச் சொல்லலாம். தங்கை டைல்ஸ் மேல் கிடந்ததைச் சொல்லலாம். இந்தக் கண்ணாடிப் பெட்டியை உடைத்து அந்தச் சனியனை நிறுத்துங்கள் என்று சொல்லலாம். வாயைத் திறந்தாள். எதிரே இருந்த முகங்கள் எல்லாம் அவளுக்காக அவ்வளவு சந்தோஷப்பட்டன. அதைவிடக் கொடுமை ஒன்று இருந்தது. அந்த அறையில், அந்தக் குளிரில், அந்தச் சட்டை உடம்புக்கு இதமாகத்தான் இருந்தது. தலைவர் சொன்னதில் அந்த அறைக்குள் ஒரு பொய்யும் இல்லை.

"எல்லாம் உங்க வழிகாட்டல்," என்று சொல்லிவிட்டுக் குனிந்தாள். சொன்ன நாக்கை அறுக்கலாம் போலிருந்தது.

வீட்டுக்கு வந்ததும் முத்திரைத் துணியைப் பிரித்து லினன் சட்டையில் தைத்தாள். ஜூன் முதல் தேதி கியோகா அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனாள்.

விருதுச் செய்தி சங்கத்தின் இதழில் படத்தோடு வந்திருந்தது. இதழ் குனோவின் மேசைக்கும் வந்திருந்தது. தன் தொழிற்சாலைப் பெண்ணின் அக்காவுக்கு விருது என்றதும் அந்த மனிதருக்குக் கண் கலங்கிவிட்டது. இரவோடிரவாக யோசித்து, அந்த வரைபடப்படி சூளைப் பிரிவுப் பெண்கள் அத்தனை பேருக்கும் சட்டை பின்னித் தர ஒரு பின்னல் பட்டறையில் சொல்லியிருந்தார். அன்றைய காலைக் கூட்டத்தில், உடற்பயிற்சி முடிந்ததும், ஆளுக்கொரு பொட்டலம் நீட்டினார்.

"இனிமே முத்திரை இருக்கா இல்லையான்னு யாரையும் சோதிக்க வேண்டியதில்லை. எல்லாருக்கும் ஒரே சட்டை, ஒப்புதலான சட்டை. கியோகா, உங்க அக்காவுக்கு இதைவிடப் பெரிய மரியாதையை நான் என்ன பண்ண முடியும், சொல்லு?"

பெண்கள் கியோகாவைப் பார்த்துக் குனிந்து நன்றி சொன்னார்கள். ஒருத்திக்கும் முகத்தில் ரத்தமில்லை. கியோகாவும் குனிந்தாள். பிறகு எல்லாரும் போய் உடைமாற்றிக்கொண்டு, தாடைவரை கம்பளியோடு, சூளை வாயில் போய் நின்றார்கள். யாராவது ஒருத்தி முதலில் கழற்றியிருந்தால் எல்லாரும் கழற்றியிருப்பார்கள். முதல் ஆளாக யாரும் இருக்க விரும்பவில்லை.

கியோகா விழுந்தது ஜூலையில். தோமோயோ கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு மருத்துவமனைக்கு ஓடினாள். ஈரத்தில் ஒட்டிக்கொண்ட உயரக் கழுத்தைத் தலைவழியாகக் கழற்ற முடியாமல், அடியிலிருந்து தாடைவரை கத்தரியால் வெட்டி எடுத்திருந்தார்கள். அவளுடைய உயிர் அன்றைக்கு ஒரு நூலில் நின்றது. இரண்டு நாள் கழித்துத்தான் கண் விழித்தாள். தோமோயோ அவள் காலைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நான்தான்டி உன்னை இப்படிப் பண்ணிட்டேன். அந்தச் சங்கத்துப் பக்கமே போயிருக்கக் கூடாது."

"விடுக்கா. நீ என்ன பண்ணுவே."

குனோ வந்தார். கட்டிலின் அருகே வெகுநேரம் குனிந்து நின்றார். சங்கத்துக்குத் தொலைபேசியில் கேட்டுவிட்டதாகவும், ஒப்புதலான ஆடையால் எவருக்கும் சூடேறியதாக அவர்கள் அறையில் இதுவரை ஒரு புகாரும் இல்லை என்று உறுதி சொன்னதாகவும், ஆகவே கியோகா உடம்பைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொல்லிவிட்டு, ஒரு பெட்டி முலாம்பழ ஜெல்லி வைத்துவிட்டுப் போனார்.

அவர் போனதும் தோமோயோ கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ திரும்பி அங்க போனா, லினன் சட்டையைத்தான் போடறே. அதுல முத்திரை இருக்கு. நானே வந்து அந்த ஆள்கிட்டப் பேசறேன். யார் என்ன சொன்னாலும் சரி."

கியோகா கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மத்தவங்க எல்லாம் கம்பளியில நிக்கறப்போ, நான் மட்டும் எப்படிக்கா அதைப் போட்டுட்டு நிக்கறது?"

"செத்துப்போயிடுவேடி."

"தெரியுது." கட்டிலடியில் பையில் கிடந்த சட்டையைக் காட்டினாள். "அதை வெட்டிட்டாங்க பாரு. நான் வேலைக்குப் போறதுக்குள்ள தைச்சு வெச்சிடு."

தோமோயோ அவளோடு சண்டை போட்டாள். கெஞ்சினாள். மருத்துவரிடம் சொல்லிப் பார்த்தாள். அது குடும்ப விஷயம் என்று அவர் ஒதுங்கிக்கொண்டார். தைக்காமல் விட்டால் தொழிற்சாலையில் புதிது ஒன்று கொடுப்பார்கள், அது இதைவிட இறுக்கமாக இருக்கும் என்றும் கியோகா சொன்னாள். அதுவும் உண்மைதான்.

அவள் சட்டையை வீட்டுக்கு எடுத்துவந்து துவைத்து, நிழலில் உலர்த்தி, வெட்டிய ஓரங்களில் கண்ணிகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி எடுத்துக் கோத்துச் சேர்த்தாள். நன்றாகவே சேர்ந்துவிட்டது. எங்கே வெட்டியிருந்தது என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை.